தியானத்தைக் கலைக்கிறவள்

யாராவது கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அசையாமல் இருந்தால் எனக்குப் பொறுக்காது. கிட்டே போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிடுவேன். திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு சுபாவம் இருப்பது கஷ்டம்தான். இந்த ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடி உட்காரத்தான் வருகிறார்கள். அவர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வரிசையாகச் சில அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எழுபதுகளின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தியாக வர ஆரம்பித்திருந்தார்கள். அறை அவருடைய பொறுப்பு, சாப்பாடு என்னுடைய பொறுப்பு. நாங்கள் ஜைனர்கள், நயினார் குடும்பம். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு நிலமும் சொந்தக் கோயிலும் உண்டு. எங்கள் வீட்டில் இருட்டிய பிறகு யாரும் சாப்பிட மாட்டோம். பொழுது சாய்வதற்குள் சமையலறையைக் கழுவித் தள்ளிவிடுவேன். அதனால் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அறை அறையாகப் போய்ச் சாப்பிடக் கூப்பிடுவேன். வராதவர்களுக்கு மறுநாள் காலையில்தான் சோறு. முதலில் முணுமுணுத்தவர்கள்கூட ஒரு வாரத்தில் தட்டோடு வந்து நின்றார்கள்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டிலும் அறை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷி, பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. அவர் வீட்டில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் ஒரு நாள் காலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தான். கண் பாதி மூடியிருந்தது. தாடி மார்பில் பட்டுக்கொண்டிருந்தது. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம், விட்டு விட்டு வந்ததாம். அந்த அம்மா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சாமி சமாதியில இருக்காரு, ஓங்காரம் கேக்குதுங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளை விரட்டினார்கள், ரேடியோவை நிறுத்தினார்கள். மத்தியானம் சத்தம் நின்றபோது, இன்னும் ஆழமாகப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

நான் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அந்த வீட்டு வாசலில் கும்பல். பையனின் காலில் எறும்பு ஏறுவதைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சந்தேகமே வந்திருக்கிறது. போலீஸ் வந்தது, பையில் ஊசி கிடைத்தது, ஏதோ போதை மருந்து என்றார்கள். அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஈ மொய்க்கக் கூடாதுன்னு பக்கத்துலயே உக்காந்து விசிறிக்கிட்டு இருந்தேம்மா. ஒரு தடவ தோளைத் தட்டியிருந்தா எழுந்திருப்பானாம்மா?" என்றார். அலட்சியத்தால் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மரியாதையால் செத்துப்போன ஒருவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவனை யாரும் கைவிடவில்லை. அத்தனை பேர் சுற்றி இருந்தார்கள்.

அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. தேரடித் தெருவில் எங்களுக்குப் பழக்கமான டாக்டர் ஒருவர் இருந்தார். காய்ச்சல் என்று போனபோது காய்ச்சலை விட்டுவிட்டு இதைக் கேட்டேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். அபினிலிருந்து எடுக்கிற சரக்கு அது. அளவு மிஞ்சினால் மூச்சு விட வேண்டும் என்பதையே உடம்பு மறந்துவிடும். குறட்டை மாதிரி கேட்கிற சத்தம், மூச்சு திணறுகிற சத்தம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

"அப்ப இன்னா பண்றதுங்க? மோர் குடுக்கலாமா, புளித்தண்ணி?" என்றேன்.

"வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிச் செத்துடுவாங்க. சத்தம் போட்டு எழுப்புங்க. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, கூடவே இருங்க. மூச்சு இல்லேன்னா நீங்கதான் ஊதணும். இதுக்கு ஒரு ஊசி இருக்கு, மெட்ராஸ்ல கெடைக்கலாம். நம்ம ஊர்ல இப்போதைக்கு மூச்சுதான் மருந்து."

எப்படி ஊதுவது என்று தன் கையை மடக்கி வைத்துக் காட்டினார். நான் முகத்தைச் சுளித்தேன். எங்கள் வீட்டில் பெற்ற பிள்ளைகூட டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கக் கூடாது. எச்சில் என்றால் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு. யாரோ ஒரு அன்னியர் வாயில் நான் வாயை வைக்கிறதா? "வேற வழியே இல்லையா டாக்டர்?" என்றேன். "இல்லையே" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக எல்லா அறைகளிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "லாட்ஜுக்குத் தாழ்ப்பா இல்லேன்னா எவன்டி வருவான்?" என்றார். கழற்றினார், வேறு வழியில்லை அவருக்கு. அதோடு ஒரு சட்டமும் போட்டேன். காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் நான் குரல் கொடுப்பேன், உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். தியானமோ மௌன விரதமோ எனக்குத் தெரியாது. பதில் வராவிட்டால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உலுக்குவேன்.

இதில் ரொம்ப அவதிப்பட்டவர் பம்பாயில் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆகி வந்திருந்த ஒரு பெரியவர். எங்கள் அறை ஒன்றில் நிரந்தரமாகத் தங்கியிருந்தார். பத்மாசனம் போட்டு அப்போதுதான் மனசு ஒடுங்க ஆரம்பித்திருக்கும், நான் போய்த் தோளைப் பிடித்து ஆட்டுவேன். "ஏம்மா, முப்பது வருஷம் ஆபீஸ்ல மேனேஜர் தொந்தரவு. இங்க வந்தா நீங்களா?" என்பார். "நீங்க பாட்டுக்கு மோட்சத்துக்குப் போங்க, போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போங்க" என்பேன். தியானத்தைக் கலைக்கிறவள் என்று எனக்கு அவர்தான் பேர் வைத்தார்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் அந்தப் பெண் வந்தாள். ஹாலந்து தேசம். கோவாவில் ரொம்ப நாள் இருந்துவிட்டு வந்திருந்தாள். பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். "இந்த வெயில்ல இன்னாத்துக்கு இந்தச் சட்டை?" என்று கேட்டேன். அவள் ஒரு கையில் சட்டையைச் சுருட்டிவிட்டுக் காட்டினாள். கை முழுக்கக் கருகருவென்று ஊசித் தழும்பு. அந்தப் பழக்கத்தை விட்டுவிடத்தான் இங்கே வந்திருப்பதாகச் சொன்னாள். மலையைப் பார்த்துக்கொண்டே விட்டுவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "வேணாம்மா. ஏதாச்சும் ஆச்சுன்னா போலீஸ் நம்மளத்தான் கேக்கும். நாளைக்கே அனுப்பிடு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அரசாங்க வேலையில் இருக்கிறவர். ஆனால் அந்தப் பெண் வராண்டாவில் உட்கார்ந்து நான் போட்ட தயிர்சாதத்தை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவளை அனுப்பிவிட்டால் இவள் போய் எந்தச் சுவரில் சாய்ந்து உட்காருவாளோ என்று நினைத்துப் பார்த்தேன். "நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டுங்க" என்றேன்.

விடுவது லேசாக இல்லை. வேர்த்துக் கொட்டும், உடனே குளிரில் நடுங்குவாள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காலை ஒரு இடத்தில் வைக்க முடியாது. கஞ்சியும் சீரகத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் கொடுத்தால் அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொள்வாள். அப்போதும் டம்ளரை வாயில் வைக்க நான் விடவில்லை, அவ்வளவு பிடிவாதக்காரி நான். திட்டிக்கொண்டே துடைத்துவிடுவேன். உடம்பு தேறியதும் வேறு ஆளாகிவிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. தலையில் பூ வைத்துக்கொண்டு சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவாள். பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். நான் குரல் கொடுத்தால், "அம்மா, இருக்கேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். எனக்குப் பெண் குழந்தை கிடையாது. அவள் அப்படிக் கத்துவதைக் கேட்பதற்காகவே சில நாள் கூடுதலாக ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

ஆடி மாதம், காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், கோவாவில் அவளோடு இருந்த ஒருவன் தேடிக்கொண்டு வந்தான். சின்ன வயசுதான். கண்ணெல்லாம் குழி. அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தது. மத்தியானம் இரண்டு பேரும் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான். "அவள் தியானத்தில் இருக்கிறாள். தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்" என்று இங்கிலீஷில் சொன்னான். கேட் வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினான்.

நான் ஈரக் கையோடு போய்க் குரல் கொடுத்தேன். பதில் இல்லை. வராண்டாவில் இருந்த பம்பாய்ப் பெரியவர், "விடும்மா, அந்தப் பொண்ணு இப்பத்தான் உக்காரவே ஆரம்பிச்சிருக்கு" என்றார். அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கரகரவென்று ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

உள்ளே பாயில் கிடந்தாள். உதடு நாவல்பழம் தின்றவள் மாதிரி இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், காதைத் திருகினேன், மார்பெலும்பில் கை முட்டியால் தேய்த்தேன். கன்னத்தில் ஓங்கி ஒரு அறையும் கொடுத்தேன். சத்தமும் நின்றுபோனது. அந்த நேரத்தில் எனக்கு எச்சில் ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அவள் வாயோரம் நுரை தள்ளியிருந்தது. முந்தானையால் துடைத்தேன், தலையைப் பின்னுக்குச் சாய்த்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு என் வாயை வைத்து ஊதினேன். காற்று ஓரமாகப் போய்விட்டது. இன்னும் அழுத்தி வைத்து ஊதினேன். மார்பு எழும்பித் தாழ்ந்தது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. மறுபடி ஊதினேன்.

பெரியவர் கதவண்டை பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். "நிக்கிறீங்களே, ஓடுங்க! தேரடித் தெரு டாக்டர்! கார் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க!" என்று கத்தினேன். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுடைய சைக்கிளிலேயே ஏறிப் பறந்தார். அவர் வரும்வரை அந்த அறையில் நானும் அவளும்தான். இரண்டு பேருக்கும் என் மூச்சு ஒன்றுதான். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவை தலையை நிமிர்த்தும்போதும், "இருக்கேன்னு சொல்லுடி, சொல்லித் தொலைடி" என்று திட்டினேன், அழுதேன், மறுபடி குனிந்தேன். டாக்டர் வந்து காரில் ஏற்றியபோதும் பின் சீட்டில் அவள் தலையை மடியில் வைத்து ஊதிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் ரப்பர் பை ஒன்றை அவள் முகத்தில் பொருத்தி நர்ஸம்மாக்கள் மாற்றி மாற்றி அழுத்தினார்கள். வெளியே பெஞ்சில் நான் பொத்தென்று உட்கார்ந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கூப்பிட ஆள் இல்லை.

அவளே மூச்சு விட ஆரம்பித்துவிட்டாள் என்று டாக்டர் வந்து சொன்னார். விட்டு ரொம்ப நாள் ஆன உடம்பு, பழைய அளவைத் தாங்காது, அதுதான் இப்படி ஆளைச் சாய்க்கிறது என்றார். விட்டவர்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் தேறிவிட்டாள் என்று நான்தான் நிம்மதியாக இருந்தேனே.

என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "வாயோட வாய் வெச்சா ஊதின?" என்றார். "ஆமா. உங்களுக்கு மூச்சு நின்னாலும் ஊதுவேன்" என்றேன். அவர் காது சிவந்துபோனது. அப்புறம், அவளுக்குக் கஞ்சி வைக்கணுமே, வீட்டில் நொய் இருக்கிறதா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். அவமானம். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "எங்க போற?" என்றேன். தெரியவில்லை என்றாள். "தெரியலேன்னா இங்கயே கிட" என்று பெட்டியைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். பெரியவரும் மாறிவிட்டார். நான் கதவைத் தட்டும் முன்பே, "இருக்கேன், இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே அவன் நின்றான், ஓடிப்போனவன். உள்ளே வரவில்லை. "செத்துவிட்டாளா?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு முறத்தாலேயே சாத்தியிருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். பாண்டிச்சேரியில் ஏதோ ஒரு அறையில் அடைந்து கிடந்தானாம். அவளைக் கொன்றுவிட்டோமா இல்லையா என்று தெரியாமலே அத்தனை நாளும் போயிருக்கிறது. "உயிரோட இருக்கா" என்றேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

ஏன் ஓடினாய் என்று கேட்டேன். போலீஸ் என்றான். அவன் ஊரிலும் அப்படித்தானாம். ஒருத்தன் மயங்கினால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். அவனுடைய சிநேகிதன் ஒருவன் அப்படித்தான் செத்தானாம். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து போய்ப் பாயும் தலையணையும் கொண்டுவந்து வராண்டாவில் போட்டேன். "உள்ள வா. ஓடணும்னா ஓடு, ஓட வேணாங்கல. ஆனா முதல்ல மூச்சை ஊது, ஆளைக் கூப்பிடு, அப்புறமா ஓடு" என்றேன். தெரிந்த இங்கிலீஷில் பாதியும் கை ஜாடையில் பாதியும் சொன்னேன். தலையணையை வைத்து எப்படி என்று காட்டப் போனேன்.

அந்தப் பெண் அறையிலிருந்து வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள். தலையணையைத் தள்ளிவிட்டு அந்தப் பாயில் தானே மல்லாந்து படுத்தாள். அவள் நெற்றியைத் தொடவே அவனுக்குத் தைரியம் வரவில்லை. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்தேன். தலையைச் சாய், மோவாயைத் தூக்கு, மூக்கைப் பிடி. மூக்கைப் பிடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, அவன் விக்கி விக்கி அழுதான். ஆபீஸிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல் நின்று, "இன்னாடி நடக்குது இங்க?" என்றார். "கம்முனு இருங்க, பாடம் நடக்குது" என்றேன்.

பாடம் முடிந்ததும் அவன் என்னைக் கேட்டான். "இன்னொருத்தருக்கு நான் ஊதுவேன். நான் தனியாக இருக்கும்போது எனக்கு யார் ஊதுவார்கள்?"

அதற்கு டாக்டர் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. எறும்பு கூட இரக்கம் காட்ட வேண்டிய உயிர் என்று வளர்ந்தவள் நான், போதை மருந்தை வாசற்படி ஏற விடக் கூடாதவள். "தனியா ஊசி போட்டுக்காத. விட முடிஞ்சா விடு. முடியலேன்னா இங்க வந்துடு" என்றேன். சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் பின்னால் நிற்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருந்தது. அவர் உள்ளே போய்விட்டார். அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை.

தீபம் முடிந்ததும் அந்தப் பெண் தன் தேசத்துக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இரண்டு பேரும் அழுததைப் பார்த்து கண்டக்டரே ஒரு நிமிஷம் விசில் ஊதாமல் நின்றார். அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. வாசலில் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். பால்காரனாக இருக்கும்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் வராண்டா பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து நின்றான். ஒரு கையை இறுக்க மூடிக்கொண்டிருந்தான்.

"அம்மா, இன்றைக்கு என்னிடம் இருக்கிறது. நான் தனியாக இருக்கிறேன்" என்றான்.

நான் சல்லடையைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார், அந்த மூடிய கையைப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.